பானையைக் காதால் வாங்குங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் மண்சட்டியில் வைக்கும் அயிரை மீன் குழம்பைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதம் வந்த வண்ணம் இருக்கிறது. குழம்பு நன்றாக இருந்தது என்று எழுதியவர்களை விட, "சட்டி விரிந்து விட்டது", "அடுப்பிலேயே அடி கழன்று விட்டது", "புளி ஊற்றியதும் சட்டி கறுப்பாகச் சாயம் விட்டது" என்று எழுதிய சகோதரிகள்தான் அதிகம். ஒரு சகோதரி, "சட்டிக்கு ஆன செலவையும் மீனுக்கு ஆன செலவையும் நீங்கள்தான் தர வேண்டும்" என்று செல்லமாக மிரட்டியிருக்கிறார்! குழம்பு வைக்க எனக்குத் தெரியும். சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் சட்டி செய்கிறவர்தானே? அதனால் மானாமதுரைக்கே போய்க் கேட்டு வந்து விட்டேன்.

போனதற்கு இன்னொரு காரியமும் உண்டு. என் தங்கை மகள் ஒருத்தி, கல்யாணமாகி மதுரையில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலை ஒரு நிலையில் இல்லை. இந்தப் பெண் எங்கேயோ பத்து நாள் மண்பாண்டப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தாள். வந்ததிலிருந்து, "நான் வீட்டிலேயே மண்பாண்ட ஸ்டூடியோ வைக்கப் போகிறேன், கரண்ட் சக்கரமும் கரண்ட் சூளையும் வாங்க வேண்டும்" என்று ஒரே பிடிவாதம். பணத்துக்கு எங்கே போவது? கழுத்தில் கிடக்கும் ஆறு பவுன் சங்கிலிதான். அடகு வைக்கலாமா கூடாதா என்று என் தங்கை என்னிடம் வந்து அழுதாள். "அழாதே, தொழில் தெரிந்தவரிடம் கேட்டு விடுவோம்" என்று மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

எங்கள் திருவாதவூரிலிருந்து மதுரைக்கு வந்து, அங்கிருந்து மானாமதுரை பஸ் பிடித்தால் சிலைமான், திருப்புவனம் வழியாகப் போகும். வழியில் கீழடி திருப்பம் வருகிறது. 2015-இல் அங்கே தோண்ட ஆரம்பித்ததும் கிடைத்த பானை ஓடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தமிழி எழுத்தில் ஆட்களின் பெயரைக் கீறிய ஓடுகள் கிடைத்தன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று ஒரு வகைப் பானை அங்கே ஏராளம். அது எப்படி இரண்டு நிறம் என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். நாங்கள் பார்க்கப் போன வேளார் ஐயா அதை ஒரே வரியில் தீர்த்து விட்டார். "கவுத்து வச்சுச் சுட்டிருப்பாக ஆத்தா. வெளிய காத்துப் படும், செவக்கும். உள்ள காத்துப் போகாது, புகையில கருக்கும்." அவ்வளவுதான் சமாசாரம்.

பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி விட்டார். வயது எழுபது ஆகிறது. பதினான்கு வயதில் மண் மிதிக்க இறங்கியவர். எங்கள் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களை வேளார் என்பார்கள். அய்யனார் கோயில் குதிரை செய்வதும், சில ஊர்களில் பூசை வைப்பதும் அவர்கள்தான். மானாமதுரை என்றாலே கச்சேரி செய்யும் வித்துவான்கள் கடத்தைச் சொல்வார்கள். அந்தக் கடத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நாம் தேடிப் போனது குழம்புச் சட்டி. கடத்தைப் பற்றி அவரும் அதிகம் பேசவில்லை. "அது காதுக்கு, இது வயித்துக்கு" என்றார்.

முதல் கேள்வியாக, நல்ல சட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். "பானையக் கண்ணால வாங்கக் கூடாதாத்தா, காதால வாங்கணும்" என்று சொல்லி ஒரு சட்டியை இடது உள்ளங்கையில் லேசாக ஏந்தி, விரல் முட்டியால் சுண்டினார். 'ணங்' என்று மணி மாதிரிக் கேட்டது. அடுத்த சட்டியை எடுத்துச் சுண்டினார். 'டொக்' என்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் நம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அல்லது சரியாக வேகாமல் இருக்கும். ஈரமாக இருந்தாலும் இப்படித்தான் மந்தமாகக் கேட்கும், ஆகையால் மழை நாளில் வாங்குவதாக இருந்தால் காய்ந்த சட்டியாகக் கேட்டு வாங்க வேண்டும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுண்டினால் நல்ல சட்டியும் ஊமையாகி விடும், ஜாக்கிரதை.

அடுத்தது நகம். சட்டியின் அடியில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் அது வேகாத மண். வெளியில் அங்கங்கே கறுப்புத் திட்டு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, சூளையில் புகை பட்ட இடம் அது. நான் இத்தனை நாளும் ஒரே நிறமாகப் பளபளவென்று இருப்பதையே பொறுக்கிக் கொண்டிருந்தேன், பெரும்பாலோர் அப்படித்தான். பளபளப்பில்தான் வில்லங்கமே. சில இடங்களில் கறுப்புச் சட்டி நன்றாக விற்கிறது என்பதற்காகச் சுட்ட பிறகு மேலே எதையாவது பூசி விடுகிறார்களாம். ஈரத் துணியாலும், பிறகு எண்ணெய் தொட்ட பஞ்சாலும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் கீழே வைத்து விட்டு வந்து விடுங்கள். குழம்பு கறுத்ததாக எழுதிய சகோதரிக்கு இதுதான் பதில். புகையில் கறுத்த சட்டி எத்தனை துடைத்தாலும் சாயம் விடாது.

சமையல் சட்டிக்கு அடி உருண்டையாக இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததே இல்லை. தட்டையான அடியும் நிமிர்ந்த சுவரும் சேருகிற மூலையில்தான் சூடு பட்டதும் விரிசல் விடுமாம். உருண்டையில் மூலை கிடையாது. இப்போது காஸ் அடுப்புக்கு வாகாக இருக்கட்டும் என்று தட்டை அடியில் கேட்கிறார்கள், அவரும் செய்து கொடுக்கிறார். "கேக்குறாக, செய்யிறேன். ஆனா உருண்டைச் சட்டி அளவு உழைக்காது" என்று வெளிப்படையாகவே சொன்னார். அது மட்டுமில்லை, அடுப்பில் வைக்கிற சட்டிக்கு மண்ணில் மணல் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். மணல் இருந்தால்தான் மண் சூட்டில் விரிந்து சுருங்குவதைத் தாங்கும். அதனால் அழகுக்கு வைக்கிற வழவழப்பான சட்டியை வாங்கி அடுப்பில் ஏற்றக் கூடாது. கடையில், "அடுப்புக்கா, அலமாரிக்கா?" என்று கேட்டு வாங்குங்கள்.

இனிச் சட்டியைப் பழக்குவது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். புதுச் சட்டியை ஒரு இரவும் பகலும் தண்ணீரில் முங்கப் போடுங்கள். எடுத்து நிழலில் நன்றாகக் காய விடுங்கள். பிறகு வடித்த கஞ்சியை முக்கால் சட்டிக்கு ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்க விட்டு, சட்டியோடு ஆற விட வேண்டும். கஞ்சிப் பசை மண்ணின் கண்களில் புகுந்து அடைத்துக்கொள்ளும். இதை இரண்டு மூன்று நாள் செய்தால் நல்லது. காய்ந்த பிறகு உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி ஒரு நாள் வைத்து விட்டால் சட்டி தயார். மயிரிழை மாதிரி விரிசல் கண்டால் கூட உடனே தூக்கி எறிய வேண்டாம். இன்னொரு முறை கெட்டிக் கஞ்சியைக் காய்ச்சினால் பல சமயம் அடைபட்டு விடும். ஒழுகுகிற விரிசலுக்கு வைத்தியம் இல்லை, அதில் துளசியை நட்டு விடுங்கள்.

அடுப்பில் சட்டி உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் அவசரம்தான். வெறும் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள். எண்ணெயோ தண்ணீரோ விட்ட பிறகே பற்ற வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் சிம்மில் இருக்கட்டும். தீ சட்டியின் அடியை விட்டு வெளியே நாக்கு நீட்டக் கூடாது. கொதிக்கிற குழம்பு கெட்டியாகி விட்டது என்று பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அன்றோடு சரி, வெந்நீர்தான் விட வேண்டும். இறக்கி ஈரக் கிரானைட் மேடையில் வைப்பதும் அதே தப்புதான். பாட்டி காலத்துப் பிரிமணை எதற்கு இருக்கிறது? வைக்கோல் பிரி கிடைக்காவிட்டால் பழைய துணியைச் சும்மாடு மாதிரி சுற்றி வையுங்கள். இறக்கிய பிறகும் பத்து நிமிஷம் சட்டி கொதித்துக் கொண்டேயிருக்கும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கி விட வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி காயாது. அதையும் ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

சோப்புப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். குழம்பை உறிஞ்சுகிற மண் சோப்பையும் உறிஞ்சும், மறுநாள் குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும், இல்லாவிட்டால் கடலை மாவு. மீனுக்கு ஒரு சட்டி, காய்கறிக்கு ஒரு சட்டி, தயிருக்கு ஒரு சட்டி என்று பிரித்து விட்டால் வாடைத் தொல்லை இல்லை. மண்சட்டித் தயிர் கெட்டியாக இருப்பது வேறொன்றாலுமில்லை, தயிரின் தண்ணீரை மண் குடித்து விடுகிறது. கழுவிய சட்டியை மூடி வைக்காமல் வாயைத் திறந்து வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

தண்ணீர்ப் பானையின் கதை நேர் எதிர். அதன் கண்களை அடைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளியே வந்து காற்றில் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கூட எடுத்துப் போகிறது, அதனால்தான் குளிர்ச்சி. ஆகவே பானைக்கு எண்ணெய் தடவுவதோ, அழகுக்காக வெளியில் பெயிண்ட் அடிப்பதோ கூடாது. மூலையில் அடைத்து வைக்காமல், வெயில் படாமல் காற்று படுகிற இடத்தில் ஈர மணல் மேல் வையுங்கள். நம் மதுரைப் பக்கத்து வறண்ட காற்றுக்குப் பானைத் தண்ணீர் பிரமாதமாகக் குளிரும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த அளவுக்குக் குளிராது, பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வெளியில் வெள்ளையாகப் பூக்கிற உப்பை வாரம் ஒரு முறை நாரால் தேய்த்து விட வேண்டும். புதுப் பானையில் இரண்டு மூன்று நாள் தண்ணீரை ஊற்றிக் கொட்டினால் மண்வாடை போய் விடும். இரண்டு கோடை கழிந்து குளிர்ச்சி குறைந்தால், அதன் கண்கள் அடைபட்டு விட்டன என்று அர்த்தம்.

கண்ணாடி மாதிரி மெருகு போட்ட பீங்கான், மண் கிண்ணங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குறைந்த சூட்டில் பளபளப்பு வரவேண்டும் என்பதற்காக அந்த மெருகில் ஈயம் சேர்க்கிற வழக்கம் உலகம் முழுக்க இருந்தது, இன்னும் சில இடங்களில் போகவில்லை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைத்துக்கொண்டு, "ஈயம்தானே" என்று இருந்து விடாதீர்கள். அது வெள்ளீயம், இது காரீயம். புளி, தக்காளி, தயிர் பட்டால் கரைந்து வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எங்கே, யார் செய்தது என்று தெரியாத மெருகுக் கிண்ணத்தைப் பூ வைக்க வைத்துக்கொள்ளுங்கள், புளிக்குழம்பு வேண்டாம்.

சட்டிக் கேள்விகள் முடிந்ததும் என் தங்கை மெதுவாகப் பேச்சை எடுத்தாள். வேளார் ஐயா பெண்ணைப் பார்த்து, "எத்தனை பானை செஞ்சிருக்க தாயி?" என்றார்.

"இருபது இருக்கும் தாத்தா."

"அதுல எத்தனைய அறுத்துப் பாத்த?"

அவள் விழித்தாள். "செஞ்சதை எதுக்கு அறுக்கணும்?"

பதில் சொல்லாமல் ஒரு உருண்டை மண்ணை எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். "உக்காரு" என்றார். பெண் கொஞ்ச நேரத்தில் அழகாக ஒரு கிண்ணம் எழுப்பி விட்டாள். எனக்கும் தங்கைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் ஒரு நூலை எடுத்து அந்தக் கிண்ணத்தை நட்ட நடுவாக இரண்டாக அறுத்தார். தங்கை "ஐயோ" என்றாள். உள்ளே பார்த்தால் அடி கட்டைவிரல் தடிமன், சுவர் நடுவில் வெற்றிலை மாதிரி, விளிம்பு மறுபடி தடிமன். "தடிப்பு ஒரு பக்கம் மெதுவாக் காயும், மெலிசு சட்டுனு காயும். ரெண்டும் இழுத்துக்கிட்டா விரியும். மொத நூறு பானைய அறுத்துப் பாரு. ஒண்ணக் கூடச் சூளைக்குக் கொண்டு போகாத. மண்ணுதானே, கரைச்சா திரும்பவும் மண்ணு. சுட்டாத்தான் திரும்பாது."

அந்த மண்ணைத் திரும்பச் சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். அரை ஈரத் துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் நாள் கணக்கில் கட்டியாகவே கிடக்கும். நன்றாகக் கலகலவென்று காய விட்டுப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று தானே கரைந்து விடும். கரைத்த மண்ணைச் சாக்கில் ஈரமாக எத்தனை நாள் போட்டு வைக்கிறோமோ அத்தனைக்கு இழுவை கூடும், மாவு புளிப்பது மாதிரி.

பிறகு அவள் உட்கார்ந்திருந்த விதத்தைத் திருத்தினார். மண்ணை நடுவில் நிறுத்துவது விரல் பலம் இல்லையாம். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, உடம்பின் கனத்தை முன்னால் கொடுத்தால் மண் தானாக அடங்கும். கையால் மல்லுக்கு நின்றால் ஒரு மாதத்தில் மணிக்கட்டு போய் விடும். வளையலைக் கழற்றி வைக்கச் சொன்னார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்.

சூளையில் பானை வெடிப்பதற்கு மண்ணுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிதான் காரணம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள் பெண். அவர் சிரித்தார். "காத்து எங்க வெடிக்கும்? தண்ணி வெடிக்கும். ஈரம் ஆவியாகி வெளிய வர வழி இல்லேன்னா ஒடச்சுக்கிட்டு வரும்." மண்ணை நன்றாகப் பிசைய வேண்டியது வேறு காரணத்துக்காக, கை ஓட்டம் ஒரே சீராக இருக்க. பானை காய்ந்து விட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் ஈரம் பாக்கி. காய வைப்பதும் நிழலில்தான். ஆடிக் காற்றில் திறந்து வைத்தால் காற்றுப் பட்ட பக்கம் முந்திக் காய்ந்து பானை கோணிக்கொள்ளும் என்பதால் அந்த மாதம் முழுக்க ஈரச் சாக்கு போர்த்தியே வைக்கிறார். கைப்பிடி ஒட்டுவதானால் இரண்டும் ஒரே பதத்தில், தோல் மாதிரி இருக்கும்போது, கீறி விட்டுக் குழம்பு மண் தடவி ஒட்ட வேண்டும். மூடியையும் பானையையும் ஒரே மண்ணில் ஒரே நாளில் செய்து, மூடியபடியே காய வைத்தால்தான் பின்னால் பொருந்தும், ஏனென்றால் ஈர மண் காய்ந்து வேகும்போது உத்தேசமாகப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும்.

கடைசியில் சங்கிலி விஷயம். "சூளையக் கடைசியா வாங்கு தாயி" என்றார். கரண்ட் சூளை கொஞ்சம் பெரிதானால் மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சூளை வந்து விட்டால் அதை நிரப்ப வேண்டும் என்றே அரைகுறைச் சாமானையெல்லாம் சுடத் தோன்றும். சக்கரம் வேண்டுமானால் பழையதாக ஒன்று தேடலாம். சுடுவதற்கு யார் சூளையிலாவது ஒரு ஓரம் கேட்டு வாங்கலாம், "எங்கிட்டயே கொண்டாயேன்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. நூறு பானை அறு, ஒரு வருஷம் பொறு என்று சொல்வது சுலபம். வீட்டு வாடகை ஒரு வருஷம் பொறுக்குமா? அதையே கேட்டு விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, "கார்த்திகைக்கு அகல் செய்யச் சொல்லுங்க" என்றார். அகலுக்குச் சக்கரம் கூட வேண்டியதில்லை. அச்சில் அமுக்கியோ கையால் கிள்ளியோ செய்யலாம். இடுப்புக்குக் கேடில்லை, சின்னதாக இருப்பதால் சீக்கிரம் காயும், சூளையில் சந்து பொந்தெல்லாம் கொள்ளும். தொட்டிக்கு அடித்தட்டு, பறவைக்குத் தண்ணீர்த் தட்டு இப்படி ஒன்றிரண்டு சாமானையே திரும்பத் திரும்பச் செய்தால் கையும் பழகும், காசும் வரும். விலை வைக்கும்போது சூளையில் உடைவதையும், மழையால் வேலை கெட்ட நாளையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய சுவரில் கரிக்கோடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சூளைக்கும் எத்தனை வைத்தார், எத்தனை முழுசாக வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். எந்த விறகு, எந்த மாதம் என்பதெல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிகிறது.

அவர் மனைவி இத்தனை நேரமும் திண்ணையில் உட்கார்ந்து பானை அடியைத் தட்டிக் கொண்டிருந்தார், உள்ளே ஒரு கல், வெளியே ஒரு மரத்தட்டு. ஓட்டை அடியாக இருக்கிற பானையைத் தட்டித் தட்டியே மூடி உருண்டையாக்கி விடுகிறார். "நீங்க சக்கரத்துல உக்காந்ததில்லையா ஆச்சி?" என்று பெண் கேட்டாள். "எங்க காலத்துல பொம்பளை சக்கரத்துல உக்காரக் கூடாதும்பாகத்தா. மண்ணு மிதிக்கலாம், தட்டலாம், காவி பூசலாம், சந்தையில தூக்கிட்டுப் போயி விக்கலாம். அது மட்டும் கூடாது." இதே மானாமதுரையில் கடம் தட்டுகிற மீனாட்சி கேசவன் என்ற அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கியவர். தட்டுகிற கைக்குத்தான் அங்கே நாதம். இதைச் சொன்னதும் ஆச்சி தட்டுவதை நிறுத்தாமலே சிரித்தார்.

ஸ்டூடியோ மண்பாண்டம் என்று இந்தப் பெண்கள் சொல்கிறார்களே, அது நம் நாட்டில் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது பாண்டிச்சேரி. 1971-இல் அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இருவரும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்வேலை பயின்றவர். அவர்களிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் பல ஊர்களில் பட்டறை வைத்திருக்கிறார்கள். ரே மீக்கர் மண்ணால் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர்! அவர்கள் செய்வது 1200 டிகிரிக்கு மேல் சுடுகிற கல்பீங்கான், தண்ணீர் கசியாது. நம் வேளார் சூளை ஆயிரம் டிகிரியைத் தொடாது, கசியும், அதனால்தான் குளிரும். ஒன்றின் உயர்வு மற்றதற்குத் தாழ்வில்லை. இரண்டுக்கும் மண் வேறு, சூளை வேறு என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வீட்டில் மண்வேலை செய்ய நினைக்கும் சகோதரிகள் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஈர மண் சாது, காய்ந்த மண்பொடி அப்படி இல்லை. அதில் இருக்கும் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. வருஷக்கணக்கில் சேர்ந்து மூச்சை அடைக்கும். ஆகவே வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பொடி மண் கலக்கும்போது மூக்கை மூடிக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் மெல்லத் தூவுங்கள். குழந்தை தவழ்கிற கூடத்திலும் சமையல் கட்டிலும் இந்த வேலை கூடாது. மண் ஒட்டிய சேலையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். வேளார் ஐயாவுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. ஆனால் அவர் பட்டறைத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. "எங்கய்யா அப்படித்தான் தெளிச்சு வப்பாரு" என்றார்.

இடுப்பு வலி அவருக்கு நிரந்தரம். நாங்கள் திருவாதவூர் என்றதும், "வாதம் தீரணும்னு உங்க ஊருக் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வாராக, நான்தான் இன்னும் வரல" என்று சிரித்தார். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிமிர்ந்து நடக்க வேண்டும், இரவில் கைக்கு நல்லெண்ணெய் தடவ வேண்டும் என்று பெண்ணுக்கு மூன்று முறை சொன்னார்.

அவருக்குப் பெரிய கவலை மண்தான். கண்மாயில் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது, அனுமதி வேண்டும். 2024-இல் தமிழக அரசு விதியைச் சுலபமாக்கி, வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று செய்தது. அது நல்ல காரியம். ஆனாலும் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் மண் கிடையாது, கோடையிலேயே ஒரு வருஷத்துக்குச் சேர்த்து விட வேண்டும். சேர்த்து வைக்க இடம் வேண்டும். இரண்டு பையன்களும் வேறு வேலைக்குப் போய் விட்டார்கள். "சக்கரம் நின்னா நிக்கட்டும், மண்ணு காஞ்சு போகாம யாராவது தண்ணி தெளிச்சாப் போதும்" என்றார். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆச்சியின் மரத்தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

சங்கிலி இப்போதைக்குக் கழுத்தில்தான் இருக்கிறது. பெண் வாரத்தில் இரண்டு நாள் மானாமதுரைக்குப் போய் வருகிறாள். பஸ் செலவை நானும் தங்கையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். இதை எழுதுகிற அன்று வரை நாற்பத்து மூன்று கிண்ணத்தை அறுத்திருக்கிறாள். அகல் இருநூறு காய்ந்து கொண்டிருக்கிறது.

சட்டி வாங்க நேரே போக நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாதீர்கள், சூளை போட மாட்டார்கள், இருப்பதும் ஈரமாக இருக்கும். மார்கழிக் கடைசியில் பொங்கல் பானைக் கூட்டம். மாசி, பங்குனிதான் சௌகரியம். காலையிலேயே போய் விடுங்கள், ஒரு துணிப்பையும் கொஞ்சம் வைக்கோலும் எடுத்துப் போங்கள். சுண்டிப் பார்த்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், "தெரிஞ்சவுக வந்திருக்காக" என்று உள்ளே போய் நல்லதாக எடுத்து வருவார்கள்.